ஒயின் கிளாஸ் வடிவம் மாறினா வாசனை மாறுமா? குன்னூர்ல சோதிச்சுப் பாத்துட்டேன்

குன்னூர்_தங்கல் | டிசம்பர் 8, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். குன்னூர்ல நாலு ரூம் வச்சு ஹோம்ஸ்டே நடத்துறேன். சரக்கு எதுவும் நாங்க கொடுக்கிறதில்ல, அதுக்கு லைசென்ஸும் கிடையாது. விருந்தாளிங்க அவங்களே பாட்டில் கொண்டுவந்தா கிளாஸ் மட்டும் எடுத்து வைப்போம். அந்தக் கிளாஸ்தான் இப்ப பிரச்சனை.

போன சனிக்கிழமை சென்னையிலிருந்து ஒரு தம்பதி வந்தாங்க. கையில நாசிக்ல செஞ்ச சிராஸ்ங்கிற சிவப்பு ஒயின் ரெண்டு பாட்டில். எங்ககிட்ட இருந்தது தண்ணி குடிக்கிற நேர் கிளாஸ், அதையே துடைச்சு வச்சேன். அவர் ஒரு வாய் குடிச்சார், முகம் சுளிஞ்சது. "ஸ்பிரிட் நெடி மட்டும்தாங்க வருது, பழ வாசனையே இல்ல. இந்த கிளாஸ்ல ஊத்தினா எந்த ஒயினும் செத்துடும்"னு சொன்னார். ஊருக்குப் போய் ரிவ்யூல ஒரு ஸ்டாரைக் குறைச்சும் விட்டுட்டார். உடைக்காத ரெண்டாவது பாட்டிலை மறந்து விட்டுட்டுப் போயிருந்தாங்க. போன் பண்ணினேன், "நீங்களே வச்சுக்கோங்க"ன்னுட்டார்.

கோயம்புத்தூர்ல ஒரு கடையில விசாரிச்சேன். சிவப்புக்கு ஒரு கிளாஸாம், வெள்ளைக்கு ஒண்ணாம், நுரை வர்றதுக்கு இன்னொண்ணாம். ஒவ்வொண்ணுலயும் ஆறு வாங்கினா மொத்தம் 18. விலையைக் கேட்டுட்டு, கடைக்காரர் வாங்கித் தந்த டீயைப் பாதியிலயே வச்சுட்டு வந்துட்டேன்.

நிஜமாவே கிளாஸ் மாறினா ருசி மாறுமா? இல்ல இது கிளாஸ் விக்கிறவங்க கட்டிவிட்ட கதையா?

---

கல்லாறு_வளைவு | டிசம்பர் 8, இரவு 10:05

கதைதான் தலைவரே. எங்க தாத்தா கொட்டாங்குச்சியில கள்ளு குடிச்சவர். கடைசி வரைக்கும் ருசி குறையுதுன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல.

---

ட்ரே_தூக்கி | டிசம்பர் 8, இரவு 11:52

ஷிப்ட் முடிச்சு இப்பதான் ரூமுக்கு வந்தேன். ஊட்டியில ஒரு ஹோட்டல்ல ஸ்டூவர்டா இருக்கேன்.

கதை இல்லண்ணா. எங்களுக்கு ட்ரெயினிங்ல சொல்லிக்கொடுத்தது இதுதான். நாக்குல நுனி இனிப்பு, ஓரம் புளிப்பு, அடி கசப்பு. கிளாஸ் விளிம்பு எப்படி இருக்கோ அதுக்குத் தகுந்த மாதிரி ஒயின் நாக்குல வெவ்வேற இடத்துல போய் விழும். குறுகின வாய்னா தலையைப் பின்னாடி சாய்ச்சுக் குடிப்போம், நடுநாக்குல விழும். அகல வாய்னா தலை குனியும், நுனியில படும். அதனாலதான் ஒவ்வொரு திராட்சைக்கும் ஒரு கிளாஸ்.

ஊத்துற அளவும் முக்கியம்ணா. கிளாஸ் எங்க ரொம்ப அகலமா இருக்கோ அந்தக் கோட்டோட நிறுத்தணும். 750 மில்லி பாட்டில்னா 150 மில்லியா அஞ்சு பேருக்கு வரும். விளிம்பு வரைக்கும் ரொப்பினா வாசனை நிக்க இடமே இருக்காது.

---

பழைய_வேதியியல் | டிசம்பர் 9, காலை 6:30

தம்பி ட்ரே_தூக்கி ஊற்றும் அளவைப் பற்றிச் சொன்னது முழுவதும் சரி. விளிம்பையும் நாக்கையும் பற்றிச் சொன்னதில் பாதிதான் சரி. தலை சாய்வதும் குனிவதும் உண்மை. நாக்கு வரைபடம் பொய்.

அந்தப் படத்தை நானே 30 வருடம் பள்ளிக்கூடப் பலகையில் வரைந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் நாக்கின் வெவ்வேறு இடங்களில் சுவை உணரும் திறனில் மிகச் சிறிய வித்தியாசம் இருப்பதாக அளந்து எழுதினார். 1942இல் எட்வின் போரிங் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் தம் புத்தகத்தில் அந்த அளவுகளைக் கோட்டுப்படமாகப் போட்டார். படத்தைப் பார்த்தவர்கள் சிறிய வித்தியாசத்தை 'இங்கே மட்டும் இனிப்பு, அங்கே மட்டும் கசப்பு' என்று படித்துக்கொண்டார்கள். 1974இல் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி அளந்து, வித்தியாசம் உண்டு, ஆனால் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை என்று காட்டினார். நாக்கில் சுவைமொட்டு உள்ள எந்த இடமும் எல்லாச் சுவையையும் உணரும்.

சந்தேகம் இருந்தால் நிலவேம்புக் கஷாயத்தில் விரலை நனைத்து நாக்கின் நுனியில் மட்டும் வையுங்கள். 'கசப்பு அடிநாக்கில்தான்' என்று அதற்குப் பிறகும் சொல்கிறீர்களா பார்ப்போம்.

திராட்சைக்கு ஒரு கிளாஸ் என்பதைப் பரப்பியவர் ஆஸ்திரியாவின் கண்ணாடித் தயாரிப்பாளர் கிளவுஸ் ரீடல். 1958இல் பிரான்சின் பர்கண்டி ஒயினுக்கென்று மீன்தொட்டி மாதிரி ஒரு பெரிய கோப்பை செய்தார். அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1973இல் வெவ்வேறு ஒயின்களுக்குத் தனித்தனி வடிவம் என்று ஒரு முழு வரிசையே கொண்டுவந்தார். அவருக்கு முன்னால் கிளாஸ் என்றால் அலங்காரம், பூவேலை, வெட்டுக் கண்ணாடி. அதையெல்லாம் எடுத்தெறிந்துவிட்டு மெல்லிய, வெறுமையான கண்ணாடிக்கு வந்தது நல்ல காரியம் என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்குச் சொன்ன நாக்குக் காரணம் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நாக்கை விட்டுவிட்டு மூக்கைப் பாருங்கள்.

---

பேரிக்காய்த்தோட்டம் | டிசம்பர் 9, காலை 10:14

கொடைக்கானல்ல இருந்து எழுதுறேன். நான் ஒயின் குடிக்கிறதில்ல, எங்க வீட்டுல கிறிஸ்துமஸுக்குப் பாட்டி போட்டுவைக்கிற ஜாடியைத் தவிர. ஆனா மூக்குன்னு சார் சொன்னது சரியாத்தான் படுது. ஜலதோஷம் புடிச்சிருக்கும்போது ஏலக்காய் போட்ட பாயசம் வெறும் இனிப்புத் தண்ணியா இருக்குமே, அதானே சார்?

பாட்டி ஜாடியில கிராம்பு, பட்டை எல்லாம் கிடக்கும். அதைச் சொம்புல குடிச்சாலும் கிராம்புதான், ஸ்படிகக் கோப்பையில குடிச்சாலும் கிராம்புதான்.

---

நெறியாளர் | டிசம்பர் 9, காலை 10:40

பாட்டி ஜாடியோடு நிறுத்திக்கொள்ளலாம் அக்கா. வீட்டில் போடும் முறை, விற்பனை, 'எங்கே கிடைக்கும்' போன்ற கேள்விகள் இந்த இழையில் வேண்டாம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் வருடத்தது என்றாலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. கிளாஸ் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள்.

---

பழைய_வேதியியல் | டிசம்பர் 9, பிற்பகல் 2:20

பேரிக்காய்த்தோட்டம் அம்மா, அதேதான். வாய்க்குப் பின்னால் தொண்டை வழியாக மூக்குக்கு ஒரு பாதை இருக்கிறது. நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும்பங்கு அந்தப் பாதையில் ஏறும் வாசனை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஏலக்காயை மென்று, பிறகு விரலை எடுத்துப் பாருங்கள், கதவு திறந்த மாதிரி இருக்கும்.

நம் ஊர் டம்ளரைக் கவனித்திருக்கிறீர்களா? விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். எச்சில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ள வசதியான வேலைப்பாடு. அண்ணாந்து குடிக்கும்போது டம்ளருக்குள் மூக்கே போவதில்லை. தொண்டை வழி வாசனை மட்டும்தான். ஒயின் கிளாஸ் நேர் எதிர்: விளிம்பு உள்பக்கம் சுருங்கி, மூக்கை உள்ளே வா என்று கூப்பிடுகிறது.

எவ்வளவு சுருக்கம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒயின் சுவைப்பவர்களுக்கென்று 1977இல் ஒரு சர்வதேசத் தரம் வந்தது, ஐ.எஸ்.ஓ. 3591. மொத்த உயரம் 155 மில்லிமீட்டர், வயிற்றின் அகலம் 65, வாய் 46. ஊற்ற வேண்டியது 50 மில்லி மட்டும். 65ஐயும் 46ஐயும் வர்க்கப்படுத்திப் பாருங்கள்: 4225, 2116. வயிற்றின் பரப்பில் சரிபாதிதான் வாயின் பரப்பு. கீழே அகலமான பரப்பிலிருந்து ஆவி கிளம்புகிறது, மேலே வெளியேறும் வழி பாதி. அந்த ஒரே கிளாஸில்தான் சிவப்பு, வெள்ளை எல்லாவற்றையும் சுவைத்துப் பார்க்கிறார்கள் என்பதையும் குன்னூர்_தங்கல் கவனிக்கவும். 18 வாங்க வேண்டாம்.

---

கல்லாறு_வளைவு | டிசம்பர் 9, இரவு 8:55

கணக்கெல்லாம் சரி சார். ஆனா மனுஷ மூக்கை நம்பாதீங்க. 2001ல பிரான்ஸ்ல போர்தோவுல ஒரு ஆராய்ச்சி நடந்தது. ஒயின் படிக்கிற மாணவர்கள் 54 பேர். வெள்ளை ஒயினுக்கு வாசனையே இல்லாத சிவப்புச் சாயம் போட்டுக் கொடுத்தாங்க. அதை மோந்து பாத்து, சிவப்பு ஒயினுக்கு எழுதுற வார்த்தைகளையே எழுதி வச்சாங்க. படிச்சவங்க மூக்கே கண்ணு சொன்னதைக் கேட்டு ஆடுச்சுன்னா, நீளக் காம்பு கிளாஸைக் கையில கொடுத்தா நம்ம மூக்கு ஆடாதா?

கண்ணைக் கட்டிட்டு யாராவது பண்ணிக் காட்டுங்க, ஒத்துக்கிறேன்.

---

ஆறு_நிமிஷம் | டிசம்பர் 9, இரவு 9:30

நானும் வரலாமா? குன்னூர்ல டீ டேஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். ஏலத்துக்கு வர்ற சாம்பிளை வரிசையா வச்சு உறிஞ்சித் துப்புற வேலை. எங்க ஆபீஸ்ல "லிக்கர் எப்படி?"ன்னு கேட்டா டீ வடிநீரைக் கேக்குறாங்கன்னு அர்த்தம். புதுசா வர்ற பையன் முதல் வாரம் திருதிருன்னு முழிப்பான்.

எங்களுக்கும் ஐ.எஸ்.ஓ. உண்டு சார், 3103. 100 மில்லிக்கு 2 கிராம் தூள், ஆறு நிமிஷம், வெள்ளைப் பீங்கான். என் பேருக்கு அதான் காரணம். (இங்கிலாந்துல இதே மாதிரி டீ போடறதுக்கு ஆறு பக்கத்துல தரம் எழுதி, அதுக்கு 1999ல இலக்கியத்துக்கான இக் நோபல் கேலிப் பரிசு கொடுத்தாங்க.)

என் சந்தேகம் இது. எங்க கிண்ணத்துக்குக் காம்பு இல்ல, பிடி இல்ல, வாய் நல்லா விரிஞ்சிருக்கும். வாசனையைப் புடிச்சு வைக்கணும்னா நாங்களும் குறுகின வாயைத்தானே வச்சிருக்கணும்? நூறு வருஷத்துக்கு மேல ஒருத்தரும் மாத்தலியே. ஏன்?

---

பழைய_வேதியியல் | டிசம்பர் 10, காலை 6:15

அருமையான கேள்வி. இரவு முழுக்க இதையே யோசித்தேன். எனக்குத் தோன்றுவது: சூடு. உங்கள் கிண்ணத்தில் தேநீர் கையால் தொட முடியாத சூட்டில் இருக்கும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. ஆவி தானாகவே கிளம்பி முகத்தில் அடிக்கும், அதை யாரும் கூண்டு போட்டுப் பிடிக்க வேண்டியதில்லை. சீக்கிரம் ஆற வேண்டும், நிறம் தெரிய வேண்டும், கரண்டி போக வேண்டும், அதற்கு விரிந்த வாய். ஒயின் 15, 16 டிகிரியில் இருக்கிறது. கிளம்பும் வாசனையே கொஞ்சம்தான், அதைச் சேர்த்து வைக்கப் பாத்திரம் உதவி செய்ய வேண்டியிருக்கிறது.

---

ஆறு_நிமிஷம் | டிசம்பர் 10, காலை 9:05

ம்ம். நாங்க அந்த சத்தம் போட்டு உறிஞ்சறதும் இதுக்குத்தான் சார். காத்தும் டீயும் கலந்து தூறலா வாய்க்குள்ள போய், பின்வழியா மூக்குக்கு ஏறும். வீட்டுல அப்படிக் குடிச்சா பேரன் சிரிக்கிறான்.

---

குன்னூர்_தங்கல் | டிசம்பர் 12, இரவு 10:30

சோதனை போட்டாச்சு. ட்ரே_தூக்கி தம்பி புண்ணியத்துல, வயிறு அகலமா வாய் குறுகலா ஒரு ட்யூலிப் கிளாஸ் கடன் கிடைச்சது (ஊட்டியிலிருந்து பஸ்ல, குல்லாய்க்குள்ள சுத்திக் கொடுத்தனுப்பினார்). ரெண்டாவது எங்க நேர் கிளாஸ். மூணாவது, கோத்தகிரி பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களா சாமானை ஏலம் விட்டப்ப அப்பா எடுத்தது. ஐஸ்கிரீம் கப் மாதிரி விரிஞ்ச, தட்டையான கோப்பை. அந்தக் காலத்துல துரைங்க ஷாம்பெயின் குடிப்பாங்களாம்.

வராண்டாவுல வெப்பமானி 14 டிகிரி. பாப்பாவோட இருமல் மருந்து மூடி 10 மில்லி பிடிக்கும், அதால அஞ்சு தடவை அளந்து 50 மில்லி ஊத்தினேன். வீட்டுக்காரம்மாவும் மச்சானும் மோந்து பாக்கணும். கையில கொடுத்தா கனத்துலயே கண்டுபிடிச்சிடுவாங்க, உதட்டுல பட்டா விளிம்பு தடிமன் தெரிஞ்சிடும். அதனால கிளாஸை நான்தான் மூக்குக்குக் கீழ புடிச்சேன். அவங்க குடிக்கவே இல்ல.

முதல் சுத்து பாழ். கண்ணை மறைக்க மங்கி குல்லாவை இழுத்துவிட்டேன். பீரோவுல இருந்து எடுத்த குல்லா. மூணு கிளாஸையும் மோந்துட்டு மச்சான், "மாமா, மூணுலயும் பூச்சி உருண்டை வாசனைதான் வருது"ன்னான். அப்புறம் துவைச்ச துண்டு கட்டினோம்.

ஒவ்வொரு தடவையும் வரிசையை மாத்தி மாத்தி, 'பழ வாசனை எதுல அதிகம்?'னு ஒரே கேள்வி. ஒன்பது சுத்து. வீட்டுக்காரம்மா ஏழு தடவை ட்யூலிப். மச்சான் நாலு தடவை ட்யூலிப், மூணு தடவை நேர் கிளாஸ், ரெண்டு தடவை கோப்பை. ட்யூலிப்ல மிளகு வாசனை வருதுன்னு வீட்டுக்காரம்மா சொல்றா, மச்சானுக்கு மிளகே தெரியல.

---

கல்லாறு_வளைவு | டிசம்பர் 12, இரவு 10:48

ரெண்டு பேர், ஒன்பது சுத்து. குலுக்கல்ல கூட ஏழு விழும் தலைவரே.

---

பழைய_வேதியியல் | டிசம்பர் 13, காலை 6:40

விழும், ஆனால் அரிதாக. மூன்றில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், ஒன்பதில் ஏழோ அதற்கு மேலோ ட்யூலிப்பில் விழ வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. மச்சானின் நாலு சும்மாவே மூன்றில் ஒரு தடவை விழக்கூடியது, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆக, தங்கச்சியின் மூக்கு நிஜமாகவே எதையோ பிடித்திருக்கிறது.

மிளகு விஷயம் கற்பனை இல்லை. சிராஸ் திராட்சையில் ரொட்டண்டோன் என்ற பொருள் இருக்கிறது. கருமிளகின் வாசனைக்கும் அதுதான் காரணம். 2008இல் ஆஸ்திரேலியாவில் அடையாளம் கண்டார்கள். அப்போதே தெரிந்த இன்னொன்று: ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது. மச்சான் அந்த ஐந்தாவது ஆளாக இருக்கலாம். ரசத்தில் மிளகு போதவில்லை என்று சண்டை போடுபவரா?

---

குன்னூர்_தங்கல் | டிசம்பர் 13, காலை 7:20

சார்!! போடுவான். தினமும்.

---

ட்ரே_தூக்கி | டிசம்பர் 13, பிற்பகல் 4:10

அண்ணா, அந்த பங்களா கோப்பை வெட்டுக் கண்ணாடியா? தட்டினா மணி மாதிரி நின்னு ஒலிச்சா ஈயக் கண்ணாடியா இருக்கும். குடிக்கிற நேரத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்வாங்க, ஆனா அந்த மாதிரி குடுவையில மாசக்கணக்கா ஊத்தி வைக்கக் கூடாது, ஈயம் இறங்கும்.

நுரை ஒயினுக்கு அந்தக் கோப்பை போய் நீளக் குழாய் கிளாஸ் வந்ததும் சும்மா இல்ல. அகலக் கோப்பையில காத்து சீக்கிரம் போயிடும். ஆனா குழாய் கிளாஸ்லயும் ஒரு கஷ்டம், மூக்கைக் கிட்ட கொண்டுபோனா சுருக்குன்னு குத்தும்.

---

பழைய_வேதியியல் | டிசம்பர் 13, இரவு 7:30

அந்தக் 'குத்தல்' கார்பன் டை ஆக்சைடு. பிரான்சின் ரீம்ஸ் நகரத்தில் ஜெரார் லிஜே-பெலேர் என்ற இயற்பியலாளர் ஷாம்பெயின் குமிழியையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். 2012இல் இரண்டு கிளாஸுக்கும் மேலே நிற்கும் வாயுவை அளந்து பார்த்தார். நீளக் கிளாஸின் வாய்க்கருகே கார்பன் டை ஆக்சைடு தட்டைக் கோப்பையைவிட மிக அதிகம். கண்ணுக்குக் குமிழி அழகு, மூக்குக்குத் தண்டனை.

---

குன்னூர்_தங்கல் | டிசம்பர் 14, இரவு 11:15

இன்னொரு சோதனையும் பண்ணினேன். அதுல எனக்கே ஒரு குட்டு.

மீதி இருந்த ஒயினை ஹால்ல கணப்புக்குப் பக்கத்துல ஒரு மணி நேரம் வச்சிருந்தேன். 27 டிகிரிக்குப் போயிடுச்சு. அப்புறம் அதே நேர் கிளாஸ், அதே ட்யூலிப். ரெண்டுலயும் ஸ்பிரிட் நெடி. ட்யூலிப்ல இன்னும் மோசம், வீட்டுக்காரம்மா மோந்த உடனே தலையைப் பின்னாடி இழுத்துக்கிட்டா. பழமும் காணோம், மிளகும் காணோம்.

அப்பத்தான் ஞாபகம் வந்தது. அந்தச் சென்னைத் தம்பதி குளிருதுன்னு கணப்பு பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. பாட்டிலை மேல் திண்டுல வச்சது நானேதான்! 'ரெட் ஒயின் ரூம் டெம்பரேச்சர்'னு எங்கேயோ படிச்சு, குளிர்ல இருந்ததை சூடு பண்ணித் தர்றேன்னு நானே எடுத்து வச்சேன். போன ஸ்டார் கிளாஸால போகல போலிருக்கு.

---

பழைய_வேதியியல் | டிசம்பர் 15, காலை 6:05

தம்பி, நீங்கள் வீட்டில் செய்ததை டோக்கியோவில் கேமரா வைத்துச் செய்திருக்கிறார்கள். நேற்றே எழுத நினைத்தேன், சோதனை முடியட்டும் என்று பொறுத்தேன்.

கோஜி மிட்சுபயாஷி குழுவினர், 2015. ஒயினில் உள்ள ஆல்கஹாலான எத்தனாலின் ஆவி பட்டால் ஒளிரும் ஒரு வலைத்துணியைக் கிளாஸின் வாயில் மூடினார்கள். துணியில் இரண்டு நொதிகள்: ஒன்று எத்தனாலைத் தொட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும், மற்றது அதைக் கொண்டு லூமினாலை ஒளிர வைக்கும். (லூமினால் என்பது போலீசார் ரத்தக்கறை தேடத் தெளிக்கும் அதே மருந்து.) எங்கே அதிக ஒளியோ அங்கே அதிக ஆவி. ஒயின் கிளாஸில் 13 டிகிரியில் பார்த்தபோது, விளிம்பை ஒட்டி வளையமாக ஆவி, நடுவில் குறைவு. அதாவது மூக்கை நடுவில் வைத்தால் ஸ்பிரிட் நெடி குத்தாது, மற்ற வாசனைக்கு வழி கிடைக்கும். நேர் கிளாஸிலும் மார்ட்டினி காக்டெயிலுக்கான விரிந்த கோப்பையிலும் அந்த வளையம் வரவில்லை. ஒயின் கிளாஸிலேயே 25 டிகிரிக்கு ஏற்றியதும் வளையம் காணாமல் போய்விட்டது.

13 டிகிரி! கிட்டத்தட்ட உங்கள் வராண்டா. கிளாஸ் வடிவம் வேலை செய்யும் வெப்பநிலை குன்னூரில் டிசம்பரில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒயின்காரர்கள் 'அறை வெப்பநிலை' என்று சொன்னது ஐரோப்பாவின் குளிர்ந்த கல் வீடுகளை மனதில் வைத்து, 16 முதல் 18 டிகிரி. சென்னை அறையில் அது கிடையாது, உங்கள் கணப்புத் திண்டிலும் கிடையாது. 13லிருந்து 25க்கு ஏறும்போது எத்தனாலின் ஆவியழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அந்த வெள்ளத்தில் வடிவம் என்ன செய்யும்?

---

கல்லாறு_வளைவு | டிசம்பர் 15, காலை 8:30

சரி, பாதி ஒத்துக்கிறேன். ஒரே ஒரு கேள்வி. மலை உயரம் காரணமா இருக்காதா? மேல காத்து லேசு, அதனால வாசனை சீக்கிரம் கிளம்பும்னு என் சித்தப்பா சொல்வார்.

---

பழைய_வேதியியல் | டிசம்பர் 15, காலை 9:10

சித்தப்பா பாதி சரி. குன்னூர் ஏறத்தாழ 1850 மீட்டர், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் 80 சதவீதம் போல. அதனால்தான் இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கிறது, பருப்பு வேக நேரமாகிறது. ஆனால் ஒரு திரவத்தின் ஆவியழுத்தத்தை முடிவு செய்வது அதன் வெப்பநிலை, வெளியிலுள்ள காற்று அல்ல. கிளம்பிய ஆவி கொஞ்சம் வேகமாகப் பரவும், அவ்வளவே. நுரை ஒயினைத் திறந்தால் வித்தியாசம் இன்னும் கொஞ்சம் தெரியலாம்.

---

பேரிக்காய்த்தோட்டம் | டிசம்பர் 16, மாலை 5:45

ஒயின் இல்லாம நானும் பண்ணிப் பாத்தேன். கம்பம் பன்னீர் திராட்சை கொஞ்சம் வந்திருந்தது, பிழிஞ்சு வடிகட்டினேன். சர்க்கரை போடல. பிள்ளைங்க பரிசா வாங்கின ஒரு காம்பு கிளாஸ், ஒரு எவர்சில்வர் டம்ளர்.

ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே ரெண்டுலயும் ஒண்ணுமே வரல, சில்லுன்னு இனிப்பு மட்டும். அரை மணி நேரம் மேசையில வச்சப்புறம் கிளாஸ்ல அப்படி ஒரு ரோஜாப்பூ வாசனை! டம்ளர்லயும் வருது, ஆனா கிட்டப் போய்த் தேடணும். அப்ப ரொம்பச் சூடும் ஆகாது, ரொம்பக் குளிரும் ஆகாது.

இன்னொண்ணு: முதல்ல கிளாஸை எடுத்தப்ப அட்டைப்பெட்டி வாசனை வந்தது. கழுவியும் போகல.

---

ட்ரே_தூக்கி | டிசம்பர் 16, இரவு 11:58

அக்கா, கிளாஸைக் கவிழ்த்து வச்சிருப்பீங்க. கவிழ்த்தா அலமாரி வாசனை உள்ளயே அடைஞ்சு கிடக்கும். நிமிர்த்தி வைங்க, இல்ல காம்பைப் புடிச்சுத் தலைகீழா தொங்கவிடுங்க. பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டுக்கு மேல வேண்டாம். அப்புறம் கொதிக்கிற தண்ணி ஆவியில கிளாஸைக் காட்டிட்டு, பஞ்சு உதிராத துணியால துடைக்கணும். துடைக்கும்போது அடித்தட்டை ஒரு கையிலயும் வயித்தை இன்னொரு கையிலயும் புடிச்சு எதிர் எதிரா முறுக்காதீங்க. காம்பு கழுத்துல போயிடும். என் சம்பளத்துல அப்படிப் புடிச்சது மூணு கிளாஸ்.

நாக்கு மேப்பை எங்க சூபர்வைசர்கிட்ட சொன்னேன் சார். "விருந்தாளிகிட்ட சொல்லாதே, கேக்க நல்லாத்தானே இருக்கு"ன்னார்.

---

ஆறு_நிமிஷம் | டிசம்பர் 18, காலை 11:20

நேத்து காலையில எழுந்தா புல்லெல்லாம் வெள்ளை, உறைபனி. தெரிஞ்ச தோட்டத்துல இருந்து போன வருஷம் ஃப்ராஸ்ட் டீ சாம்பிள் கொஞ்சம் கொடுத்திருந்தாங்க. பனிக்காலத்துக் கொழுந்து, ஆர்த்தோடாக்ஸ் (இலையைச் சுருட்டிச் செய்யற பழைய முறை), ரொம்ப மணமா இருக்கும். உங்க விவாதத்தைப் படிச்ச கையோட ஒரு பைத்தியக்காரத்தனம் பண்ணினேன்.

2 கிராமுக்கு 100 மில்லி, ஆறு நிமிஷம், வடிகட்டி ரெண்டாப் பிரிச்சேன். ஒண்ணு டேஸ்டிங் கிண்ணத்துல, இன்னொண்ணு பேத்தி கல்யாணத்துக்கு வந்த ஒயின் கிளாஸ்ல. (சூடா ஊத்தினா மெல்லிசு கிளாஸ் தெறிச்சிடும், கொஞ்சம் ஆறவிட்டுத்தான் ஊத்தினேன்.)

சூடு இருந்த வரைக்கும் கிண்ணம்தான் ராஜா. கிளாஸ்ல ஆவி உள்பக்கம் முத்து முத்தா படிஞ்சு மூக்கு நனைஞ்சதுதான் மிச்சம். ஜன்னல் ஓரம் வச்சுட்டு மார்க்கெட் போயிட்டு வந்தேன். ரெண்டும் நல்லா சில்லிட்டிருந்தது. கிண்ணத்துல வெறும் ஆறின டீ. கிளாஸ்ல மூக்கை வச்சா, சார், நான் உத்தியோகத்துல பாத்த நல்ல சாம்பிள்ல வர்ற அந்தப் பூ வாசனை அப்படியே நிக்குது. ஆறின டீயில அதை இத்தனை வருஷத்துல நான் தேடினதே இல்ல.

---

பழைய_வேதியியல் | டிசம்பர் 18, பிற்பகல் 12:05

பேரிக்காய்த்தோட்டம் அம்மாவின் பன்னீர் திராட்சையில் வந்த பூ வாசனையிலும் உங்கள் தேநீரில் வந்ததிலும் ஒரே பொருளுக்குப் பங்கு உண்டு: லினலூல். மஸ்கட் வகைத் திராட்சையின் அடையாளமே அதுவும் அதன் உறவுக்காரப் பொருள்களும்தான், பன்னீர் திராட்சை அந்த வகை. தேயிலையின் மணத்திலும் அது முக்கியமானது. கொடைக்கானலும் குன்னூரும் தெரியாமலே ஒரே சோதனையைச் செய்திருக்கின்றன.

---

கல்லாறு_வளைவு | டிசம்பர் 18, இரவு 9:15

தாத்தா கொட்டாங்குச்சியைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலியே. அதுவும் வயிறு அகலம், வாய் கொஞ்சம் குறுகல்தானே!

---

குன்னூர்_தங்கல் | டிசம்பர் 20, இரவு 8:50

ஒரே வகை ட்யூலிப், ஆறு வாங்கியாச்சு. ட்ரே_தூக்கி சொன்ன மாதிரியே துடைச்சேன், இருந்தும் ஒண்ணு போச்சு, இப்ப அஞ்சு. கணப்புத் திண்டுல 'பாட்டில் வைக்காதீர்'னு ஒரு அட்டை எழுதி ஒட்டிட்டேன். விருந்தாளிங்க பாட்டிலை வராண்டா மேசையில வச்சு, குடிக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஹாலுக்கு எடுத்துட்டு வர்றேன். நேத்து வந்த பெங்களூர் குடும்பத்துக்கு அப்படித்தான். அவங்க ஒண்ணும் சொல்லல. பாட்டில் காலியாச்சு.

ஆறு_நிமிஷம் சார், குடிக்காத விருந்தாளிங்களுக்கு அந்த ஆறின டீயைக் கிளாஸ்ல வச்சா எப்படி இருக்கும்? அந்த சாம்பிள் மிச்சம் இருக்கா?

---

ஆறு_நிமிஷம் | டிசம்பர் 20, இரவு 9:02

50 கிராம் இருக்கும். டப்பா மூடியை இறுக்கி வச்சிருக்கேன். சிம்ஸ் பார்க் பக்கம் வந்தா ஒரு போன் போடுங்க தம்பி. குல்லா போட்டுட்டு வராதீங்க.